கதையா, பாட்டா? பிள்ளையை ஓட வைக்கும் கேம் எது?

ஈர்ப்பு: நின்டெண்டோ ஸ்விட்ச் கேம் கருவிக்கு 2019-ல் வந்த கதை கேமான ரிங் ஃபிட் அட்வெஞ்சரில் நின்ற இடத்திலேயே ஓடினால்தான் நாயகன் நகர்வான், குந்தி எழுந்தால் எதிரிக்கு அடி. அடுத்த உலகத்தில் என்ன இருக்கிறதோ என்ற ஆவலே மறுநாளும் இழுத்து வரும். திரையைப் பார்த்துப் பாட்டுக்கு ஆடும் ஜஸ்ட் டான்ஸில் அந்த இழுப்பு இல்லை. பாட்டு சலித்தால் ஆட்டமும் சலிக்கும்.

வேகம்: கதையில் வசனம் வந்தால் உடம்பு நின்றுவிடும். பாட்டு முடியும்வரை விடாது.

செலவு: கதைக்குக் கையில் பிடிக்கும் வளையமும் காலில் கட்டும் பட்டையும் வேண்டும். டான்ஸுக்குக் கையிலிருக்கும் கன்ட்ரோலர் போதும்.

கூட்டு: டான்ஸ் சேர்ந்தாடலாம். கதை ஒருவருக்கே, அண்ணன் தங்கை சண்டை நிச்சயம்!

சத்தம்: கதையில் ஓட்டத்துக்குப் பதில் முழங்காலை மடக்கும் வசதி உண்டு. கீழ்வீட்டார் பிழைத்தார்கள்.

உடற்பயிற்சி என்றாலே முகம் சுளிக்கும் பிள்ளைக்குக் கதை. நாலு பேர் கூடும் வீட்டுக்கு டான்ஸ்.