பழைய விண்டோஸ் 7 மிசின்களில் தொனி: நான்கு வருட அனுபவம்

போன வெள்ளிக்கிழமை இரவு அக்கரைப்பற்றில் இருந்து நண்பர் அழைத்தார். அவரும் என்னைப் போல உயர்தர மாணவர்களுக்குத் தகவல் தொழில்நுட்பம் படிப்பிக்கிறவர். "மச்சான், ஒரு ஒபிசில எட்டு மிசின் கழிச்சு விடுறாங்க. எல்லாம் விண்டோஸ் செவன், ரெண்டு ஜிபி ரேம். பைதன் படிப்பிக்க எடுக்கலாமா, இல்ல பழைய இரும்புக்குத்தான் சரியா? நீதானே வருசக்கணக்கா அதுல ஓட்டுறாய்" என்றார். அரை மணித்தியாலம் கதைத்தும் சொல்லி முடியவில்லை. மிச்சத்தை இங்கே எழுதுகிறேன்.

எங்கள் வகுப்பு களுவாஞ்சிக்குடியில். பதினொரு கணினிகள், எல்லாம் கோர் டூ டுவோ காலத்து மிசின்கள், 32 பிட் விண்டோஸ் 7. 2021 இல் இருந்து அவற்றில் தொனிதான் பாவிக்கிறோம். பைதன் என்கிற நிரல் மொழியை எழுதப் பழகுகிற பிள்ளைகளுக்கென்றே எஸ்தோனியாவின் தார்த்து பல்கலைக்கழகத்தில் ஐவார் அன்னமா தொடங்கிய மென்பொருள் அது. இலவசம். எங்கள் பிள்ளைகள் அதைத் தோணி என்றுதான் சொல்வார்கள். வாவிக்கரைப் பிள்ளைகளுக்கு அந்தச் சொல் இலகுவாக வருகிறது, நானும் திருத்துவதில்லை.

2022 இல் தொனி 4.0 வந்தபோது எனக்குப் பயம். அதற்கு முந்திய இரண்டு வருடங்களில் ஒவ்வொன்றாக விண்டோஸ் 7 ஐக் கைவிட்டுக்கொண்டிருந்தன. பைதன் 3.9 இறங்கியது 2020 ஒக்டோபரில். மைக்ரோசொப்ட் விண்டோஸ் 7 க்கான ஆதரவை நிறுத்தியது அதே வருடம் ஜனவரி 14 ஆம் தேதி. ஒரு புதிய பதிப்பு வெளியாகும் நாளில் மைக்ரோசொப்ட் ஆதரிக்கிற விண்டோஸில் மட்டுமே அது ஓடும் என்பது பைதன்காரர்களின் விதி. ஒன்பது மாத வித்தியாசத்தில் எங்கள் மிசின்கள் வெளியே நின்றன. நிரல் எழுதுகிற இன்னொரு மென்பொருளான விஎஸ் கோட் 2022 இல் 1.70.3 உடன் விண்டோஸ் 7 ஐ விட்டது. தொனியும் இனி இல்லை என்று நினைத்துக்கொண்டுதான் தரவிறக்கப் பக்கத்தைத் திறந்தேன்.

முதல் வரியில் பைதன் 3.10 உடன் வருகிற 64 பிட் பதிப்பு. எங்களுக்குச் சரிவராது. அதற்குக் கீழே இன்னொன்று: 32 பிட், பைதன் 3.8, விண்டோஸ் 7 முதல் எல்லாவற்றுக்கும் பொருந்தும் என்று எழுதியிருந்தது. அந்த வரியைப் படித்தபோது எனக்கு வந்த சந்தோஷத்தை இப்போதும் மறக்கவில்லை. புதிய பதிப்பை வெளியிடுகிற அவசரத்திலும், பழைய மிசினோடு யாரோ ஒரு பிள்ளை எங்கோ இருக்கும் என்று நினைத்து இன்னொரு பொதியைத் தனியாகக் கட்டி வைத்திருக்கிறார்கள். அது சின்ன வேலை இல்லை. ஒவ்வொரு பதிப்புக்கும் இரண்டு தடவை கட்ட வேண்டும், இரண்டு தடவை சோதிக்க வேண்டும், இரண்டுக்கும் வருகிற முறைப்பாடுகளுக்குப் பதில் சொல்ல வேண்டும்.

போடுகிற வேலை அவ்வளவு சுகமாக இருக்கவில்லை. பதினொன்றில் நான்கு திறக்கவே இல்லை, டிஎல்எல் (நிரல் ஓடத் தேவையான ஒரு விண்டோஸ் துணைக்கோப்பு) ஏற்ற முடியவில்லை என்று ஒரு பிழை. இரண்டு பின்னேரம் அதிலேயே போனது. காரணம் தொனி இல்லை, உள்ளே இருக்கிற பைதன் 3.8. அதற்கு சேர்விஸ் பேக் 1 உம், கேபி 2533623 என்கிற ஒரு அப்டேட்டும் வேண்டும். அந்த நான்கும் இன்டர்நெட்டையே காணாத மிசின்கள். அப்டேட்டைத் தேடிப் போனால் மைக்ரோசொப்ட் அந்தப் பக்கத்தை எடுத்துவிட்டிருந்தது. அதற்குப் பதிலாக கேபி 3063858 போட்டால் வேலை செய்யும். 32 பிட் என்றால் எக்ஸ்86 கோப்பைத்தான் எடுக்க வேண்டும். பழைய மிசின் வைத்திருக்கிற ஆசிரியர்கள் இந்த இலக்கத்தை எழுதி வையுங்கள். எனக்கு இதைச் சொல்லித்தர அன்று ஒருவரும் இருக்கவில்லை.

அப்புறம் ஓடத் தொடங்கியது ஓடிக்கொண்டே இருக்கிறது. போன மாதம் மூன்று மிசின்களின் ஹார்ட் டிஸ்க் பழுதாகி எஸ்எஸ்டி மாற்றினோம். தொனி திறக்க முன்பு இருபத்தைந்து செக்கன் எடுத்தது, இப்போது ஆறு. பாதுகாப்புப் பற்றிக் கேட்பீர்கள். இந்த மிசின்களின் நெட்வேர்க் வயரைக் கழற்றிவிட்டுத்தான் பாவிக்கிறோம்.

தொனியில் எனக்குப் பிடித்தது நிரலை ஒவ்வொரு அடியாக ஓட்டிக் காட்டுகிற விதம். ஒரு கணக்கை எடுத்தால், அதில் உள்ள மாறி இருந்த இடத்திலேயே அதன் பெறுமானம் வந்து உட்காரும், பிறகு கூட்டல் நடக்கும், பிறகு விடை. கரும்பலகையில் நான் அழித்து அழித்து எழுதுகிறதை அது திரையிலேயே செய்கிறது. சார்பு ஒன்றை அழைத்தால் அதற்கென்று தனி ஜன்னல் திறக்கும். காரணியம் கண்டுபிடிக்கிற மீளழைப்புச் சார்பை, அதாவது தன்னைத் தானே அழைக்கிற சார்பை, இப்படி ஓட்டும்போது ஜன்னலுக்கு மேல் ஜன்னலாக ஐந்து திறந்து, பிறகு ஒவ்வொன்றாக விடையோடு மூடும். பதினைந்து வருடமாக இந்தப் பாடத்தைச் சொல்லிக்கொடுக்கிறேன். மீளழைப்பை ஒரு பிள்ளை முதல் நாளிலேயே விளங்கிக்கொண்டதை இந்த ஜன்னல்கள் வந்த பிறகுதான் பார்த்தேன்.

இன்னொரு நாள், ஒரு மாணவன் 'மட்டக்களப்பு' என்ற சொல்லின் நீளத்தைக் கேட்டான். பைதன் 12 என்றது. அவன் விரல் விட்டு எண்ணி 8 என்றான். ஒரு லூப் எழுதி அடியடியாக ஓட்டினோம். மாறிகள் பகுதியில் முதலில் ம, பிறகு ட, அதற்குப் பிறகு வெறும் புள்ளி மட்டும் தனியாக வந்து நின்றது. கடைசியில் உகரக் குறியும் தனியாக வந்தது. யூனிகோட் பற்றி ஒரு மணித்தியாலம் நான் கதைத்திருந்தாலும் அவ்வளவு தெளிவு வந்திருக்காது. அந்தப் பாடம் நடந்ததும் ஒரு விண்டோஸ் 7 மிசினில்தான்.

சரி, இனி என் வயிற்றெரிச்சல்.

பைதன் 3.8 க்குப் பிழையைச் சொல்லத் தெரியாது. ஒப்பிட இரண்டு சமன் குறி போட வேண்டிய இடத்தில் பிள்ளை ஒன்றைப் போட்டால், அது சொல்வதெல்லாம் 'தொடரமைப்புத் தவறு' என்ற ஒரே வசனம், அதுவும் ஆங்கிலத்தில். புள்ளிகளின் பட்டியலில் ஒரு காற்புள்ளி விட்டுப்போனாலும் அதே வசனம். பைதன் 3.10 இல் அதே பிழைகளைச் செய்து பாருங்கள். முதலாவதுக்கு, இரண்டு சமன் குறியை நினைத்தாயோ என்று கேட்கும். இரண்டாவதுக்கு, காற்புள்ளியை மறந்தாயோ என்று கேட்கும். அடைப்புக்குறியை மூடாமல் விட்டால் 3.8 பெரும்பாலும் அடுத்த வரியில் போய் நின்று முறைக்கும். 3.10 திறந்த இடத்தையே காட்டி, இது மூடப்படவில்லை என்று சொல்லும்.

தொனி தன்னால் ஏலுமானதைச் செய்கிறது, அதை மறைக்க மாட்டேன். மூடாத அடைப்புக்குறிக்கு உள்ளே இருப்பதைச் சாம்பல் நிறத்தில் காட்டும், மூடாத மேற்கோளைப் பச்சையில் காட்டும். அசிஸ்டன்ட் என்ற பகுதி, மாறியின் பெயரை எழுத்துப் பிழையாக அடித்திருந்தால் அதைப் போன்ற வேறு பெயர்கள் இருக்கின்றனவா என்று தேடித் தரும். ஆனால் சமன் குறி, காற்புள்ளி விசயங்களில் எங்கள் மிசின்களில் அதனிடம் இருந்து வருவது, பிழை இதற்கு முன்னாலும் இருக்கலாம் என்ற பொதுவான பேச்சுத்தான். உள்ளே இருக்கிற பைதன் வாயைத் திறக்காவிட்டால் வெளியே இருக்கிற தொனி என்ன செய்யும்?

இது சின்ன விசயமாகத் தெரியலாம். எங்கள் வகுப்பில் ஒரு பிள்ளைக்குக் கிழமைக்கு நாற்பத்தைந்து நிமிடம்தான் மிசின் கிடைக்கும். பழுகாமத்தில் இருந்து ஒரு மாணவி பட்டிருப்புப் பாலம் கடந்து வருகிறாள். வீட்டில் கணினி இல்லை. குமிழி வரிசைப்படுத்தலை வீட்டில் இருந்து கொப்பியில் எழுதிக்கொண்டு வந்து, இங்கே அடித்துப் பார்ப்பாள். ஒரு நாள் நான் மற்றப் பக்கம் நின்றுவிட்டேன். திரும்பி வரும்போது இருபது நிமிடம் போயிருந்தது. "சேர், பிழை எண்டு சொல்லுது. என்ன பிழை எண்டு சொல்லுதில்ல" என்றாள். பார்த்தால், ஒரே ஒரு காற்புள்ளி. திருத்தி ஒரு தடவை ஓட்டிப் பார்த்தாள், விடை சரி. அதற்கிடையில் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. அடியடியாக ஓட்டிப் பார்க்க அடுத்த கிழமை வரைக்கும் காத்திருந்தாள்.

பதினொன்றில் இரண்டு மிசினில் இப்போது விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் 21 என்கிற இலவச இயங்குதளத்தைப் போட்டிருக்கிறேன். அதோடு பைதன் 3.10 வருகிறது. அவை மற்றவற்றை விட வேகம் என்றில்லை. ஆனால் பிள்ளைகள் வந்து இறங்கியதும் ஓடிப் போய்ப் பிடிக்கிறது அந்த இரண்டையும்தான். ஏன் என்று ஒருவனிடம் கேட்டேன். "அது சொல்லித் தருது சேர்" என்றான். அந்தப் பதிலைக் கேட்ட நாளில் இருந்து மற்ற ஒன்பது மிசின்களையும் பார்க்கும்போது எனக்கு மனம் சரியில்லை.

அப்படியென்றால் எல்லாவற்றிலும் மின்ட் போட்டால் என்ன என்று கேட்பீர்கள். அந்த மிசின்கள் என்னுடையவை இல்லை. காலையில் சாதாரண தரப் பிள்ளைகள் அவற்றில்தான் வேர்ட், எக்செல், அக்ஸஸ் பழகுகிறார்கள். நிலையத்தின் சொந்தக்காரர் இரண்டுக்குச் சம்மதித்ததே பெரிய விசயம்.

போன வருடம் ஒரு பையன் வீட்டில் இருந்த புதிய பைதனை அப்படியே பென்ட்ரைவில் பிரதி பண்ணிக்கொண்டு வந்தான். விண்டோஸ் 7 இல் திறந்தால், பாதைகளைக் கையாளுகிற ஒரு டிஎல்எல் இல்லை என்று ஒரு பெட்டி வந்தது. அந்தக் கோப்பு விண்டோஸ் 8 இல் இருந்துதான் வருகிறது. 3.8 வரைக்கும் பைதன் அதைத் தேடிப் பார்த்து, இல்லாவிட்டால் பழைய வழியில் போகும். 3.9 இல் அந்தப் பழைய வழியை எடுத்துவிட்டார்கள். பையன் அதோடு விடவில்லை. எங்கோ ஒரு தளத்தில் அந்த டிஎல்எல்லை மட்டும் இறக்கி அடுத்த கிழமை கொண்டுவந்தான். நான் பென்ட்ரைவை வாங்கி அழித்தேன். கொஞ்சம் சத்தமாகவும் பேசிவிட்டேன். யார் செய்த கோப்பென்று தெரியாததை வகுப்பு மிசினில் போட விட ஏலாது. ஆனால் அவன் கேட்டதும் நியாயம்: நல்ல பிழைச் செய்தி அவனுக்கும் வேண்டும்.

புதிய பிழைச் செய்திகளை 3.8 க்கும் தந்திருக்கலாமே என்று நான் கோபப்பட்ட நாட்கள் உண்டு. பிறகு வாசித்து விளங்கிக்கொண்டேன். 3.9 இல் பைதன் தன் நிரல் வாசிக்கிற பகுதியையே, பார்சரையே, புதிதாக மாற்றியது. 3.10 இல் வந்த தெளிவான செய்திகள் அந்தப் புதிய பார்சரின் மேல் கட்டியவை. பழையதில் ஒட்டவைக்கிற வேலை இல்லை. பழைய வழிகளை எல்லாம் வைத்துக்கொண்டே எல்லாவற்றையும் சோதிக்கத் தன்னார்வலர்களுக்குக் கையும் காணாது, நேரமும் காணாது. கோ மொழி விண்டோஸ் 7 ஐ 1.21 இல் விட்டது, ரஸ்ட் மொழி 1.78 இல் விட்டது, எல்லோருக்கும் அதே கஷ்டம்தான். இதையெல்லாம் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் விண்டோஸ் 7 ஐ விட்ட அதே 3.9 இல்தான் அந்தப் புதிய பார்சரும் வந்தது. பக்கத்தில் கேட்க ஒரு அண்ணனோ அக்காவோ இல்லாத பிள்ளைக்கு, வீட்டில் கணினி இல்லாத பிள்ளைக்கு, அந்தச் செய்தி எவ்வளவு அவசியம். அவர்களுடைய கைக்கு வருகிற மிசின்தான் பழசு.

பைதன் 3.8 க்கு 2024 ஒக்டோபரோடு திருத்தங்களும் நின்றுவிட்டன. எண் கணிப்புகளுக்குப் பாவிக்கிற நம்பை என்ற பொதியில் 1.24 தான் அதில் ஓடுகிற கடைசி வரிசை. உயர்தரப் பாடத்திட்டத்துக்கு இது ஒரு குறையே இல்லை. தொடர்முறைத் தேடல், குமிழி வரிசைப்படுத்தல், கோப்புக் கையாளல் எல்லாம் 3.8 இல் தாராளமாகச் செய்யலாம். பாடத்திட்டத்தை மட்டும் பார்த்தால் தொனிக்கு நான் பத்துக்கு ஒன்பது போடுவேன்.

ஆனால் நண்பருக்கு நான் சொன்னது, விண்டோஸ் 7 இல் தொனி போட வேண்டாம் என்றுதான். அந்த எட்டு மிசினையும் எடு, விண்டோஸை முழுக்கத் துடைத்துவிடு, மின்ட் போடு, அதன் மேல் தொனி போடு என்றேன். அவருக்கு ஆச்சரியம். "இவ்வளவு நேரமும் அதப் புகழ்ந்துபோட்டு மறுகா வேண்டாம் எண்டுறாய்?" என்றார். நான் அந்தப் பிள்ளையின் இருபது நிமிடத்தைச் சொன்னேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசாமல் இருந்தார். பிறகு, எட்டில் இரண்டு 64 பிட்டே இல்லாத பழைய மிசின்கள் என்றார். அவற்றுக்கு மின்ட் 21 போட ஏலாது.

ஞாயிற்றுக்கிழமை அக்கரைப்பற்றுக்குப் போகிறேன். ஒரு பென்ட்ரைவில் மின்ட். மற்றதில் தொனியின் அந்த 32 பிட் கோப்பும், கேபி 3063858 உம்.