ரைட்டிங் சென்டர்: கிராமர் பார்த்துத் தரமாட்டார்கள், ஆனாலும் போங்கள்

அமெரிக்காவுக்கு மேற்படிப்புக்கு வரும் நம் ஊர்ப் பிள்ளைகள் ஜிம்முக்குப் போகிறார்கள், கரியர் ஃபேரில் கோட்டு மாட்டிக்கொண்டு வரிசையில் நிற்கிறார்கள். நாம் எழுதியதைக் கூட உட்கார்ந்து வாசித்துக் கருத்துச் சொல்லும் பல்கலைக்கழக மையமான ரைட்டிங் சென்டர் பக்கம் மட்டும் தலைவைத்துப் படுப்பதில்லை. கேட்டால், "அது இங்கிலீஷ் வராதவங்களுக்கு" என்று பதில் வரும். இத்தனைக்கும் தனியாக ஒரு டாலர்கூட வாங்குவதில்லை. நாம் கட்டும் கட்டணத்தில் அதுவும் அடக்கம்.

நான் மிட்வெஸ்டில் ஓர் அரசுப் பல்கலைக்கழகத்தில் சிவில் துறையில் பிஎச்.டி. படிக்கிறேன். சொந்த ஊர் கோவில்பட்டி. ஆய்வும் கரிசல் மண்ணைப் பற்றியதுதான்; மழைக்கு வீங்கி வெயிலுக்கு வெடிக்கும் மண்ணில் சாலை போடுவது எப்படி என்பது. முதல் ஜர்னல் கட்டுரையை என் அட்வைசர் (ஆய்வு வழிகாட்டி) "ரீரைட்" என்ற ஒற்றைச் சொல்லோடு திருப்பி அனுப்பியபோது, லேபில் இருந்த சீனியர் அண்ணன்தான் ரைட்டிங் சென்டருக்குப் போகச் சொன்னார். "ஆனா அங்க போய் கிராமர் பாத்துக் குடுங்கன்னு நிக்காதம்மா. செய்ய மாட்டாங்க" என்று எச்சரித்தும் வைத்தார்.

உண்மைதான். அவர்களுடைய இணையப் பக்கத்திலேயே கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறார்கள்: ப்ரூஃப் ரீடிங் கிடையாது. பேனாவை நம் கையில்தான் கொடுப்பார்கள். எழுதுகிறவரைத் தேர்ச்சி பெற வைப்பதுதான் எங்கள் வேலை, கட்டுரையைத் தேய்த்து மெருகேற்றுவது அல்ல என்பது இந்த மாதிரி மையங்களின் பழைய கொள்கை.

இணையத்தில் ஸ்லாட் பிடிக்க வேண்டும். ஒரு அமர்வு 45 நிமிடம். நேரில் போகலாம், ஜூமில் பேசலாம், டிராஃப்டை அனுப்பிவிட்டு எழுத்தில் கருத்து வாங்கலாம். கடைசி வகையை நான் சிபாரிசு செய்யமாட்டேன். வருவது நல்ல கருத்துகள்தான், ஆனால் திருப்பிக் கேட்க ஆள் இல்லை.

எனக்கு முதலில் ட்யூட்டராக வாய்த்தவள் வரலாறு படிக்கும் இளநிலை மாணவி. மண்ணுக்கும் அவளுக்கும் சம்பந்தமே இல்லை. போச்சுடா என்றுதான் நினைத்தேன். முன்னுரையை வாய்விட்டு வாசிக்கச் சொன்னாள். ஒவ்வொரு பத்தி முடிந்ததும் நிறுத்தி, தனக்குப் புரிந்ததை ஓரத்தில் ஒரே வரியில் எழுதிக்கொண்டாள். நான்கு பத்தி தாண்டியதும் தாளைப் பார்த்தபடியே கேட்டாள்: "சுண்ணாம்பு போட்டால் மண் உறுதியாகும் என்று இரண்டாவது பத்தி சொல்கிறது. சுண்ணாம்பு போட்டதால்தான் சாலை மேலெழும்பியது என்று நான்காவது சொல்கிறது. எது சரி?"

இரண்டுமே சரி. சுண்ணாம்பு களிமண்ணோடு வினைபுரிந்து அதை இறுக்கும். ஆனால் அதே மண்ணில் ஜிப்சம் மாதிரி சல்பேட் இருந்தால் கதை வேறு. சுண்ணாம்பின் கால்சியம், களிமண்ணின் அலுமினா, சல்பேட், தண்ணீர் எல்லாம் சேர்ந்து எட்ரிங்கைட் என்ற படிகம் வளரும். அது வளர வளர மண் உப்பி, மேலே போட்ட சாலையைத் தூக்கிவிடும். சுண்ணாம்போடு இரும்பாலைக் கசடைக் கலந்தால் அந்த வீக்கம் எவ்வளவு குறைகிறது என்பதுதான் என் கட்டுரையே. லேபில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி என்பதால் யாரும் கேட்டதில்லை, நானும் எழுதவில்லை. அவளுக்கு வாயால் விளக்கினேன். நான் பேசப் பேச அப்படியே டைப் செய்து திரையை என் பக்கம் திருப்பினாள். "நீ தேடிக்கொண்டிருந்த முதல் பத்தி இதோ இருக்கிறது" என்றாள்.

அட்வைசரால் இந்த உதவியைச் செய்ய முடியாது, ஏனென்றால் அவருக்கு விஷயம் தெரியும். நாம் விட்ட இடத்தை அவர் மனமே நிரப்பிக்கொள்ளும். விஷயம் தெரியாத, ஆனால் கவனமாக வாசிக்கத் தெரிந்த ஒருவர் முக்கால் மணி நேரம் நம் பக்கங்களோடு உட்கார்வது அபூர்வம். அதற்காகவே போகலாம்.

குறையும் உண்டு, சின்னக் குறை அல்ல. அடுத்த முறை வேறு ஒரு ட்யூட்டர். ஆங்கில ஆர்ட்டிக்கிள்களான ‘ஏ', ‘தி' (a, the) எங்கே போடுவது என்பதில் எனக்கு நித்திய கண்டம் என்றேன். "வாய்விட்டு வாசி, காதுக்கே தெரியும்" என்றார். வாசித்தேன். ஒன்றும் தெரியவில்லை. தெரியாதே! அந்த உபாயம் ஆங்கிலத்தைத் தொட்டிலில் கேட்டவர்களுக்கு. கோவில்பட்டியில் வளர்ந்த காதுக்கு ‘தி' இல்லாத வாக்கியம் எந்தக் குறையும் இல்லாமல்தான் ஒலிக்கும். "இங்கே என்ன வரும்?" என்று நேராகவே கேட்டேன். "உனக்கு என்ன தோன்றுகிறது?" என்று சிரித்தார். தோன்றாததால்தானே வந்திருக்கிறேன்! திருத்திக் கொடுத்தால் அது தன் எழுத்தாகிவிடும், கல்வி நேர்மை கெட்டுவிடும் என்ற பயம் அவருக்கு. அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் ஒரு விதியைச் சொல்லித் தருவது திருத்திக் கொடுப்பது ஆகாது. வகுப்பில் ஆசிரியர் செய்வதும் அதைத்தானே?

முடிச்சை அவிழ்த்தவர் அதே மையத்தில் மொழியியலில் பிஎச்.டி. செய்யும் ஒரு கன்சல்டன்ட் (ட்யூட்டருக்கு இன்னொரு பெயர்). இரண்டே கேள்வி கேட்டுக்கொள்ளச் சொன்னார்: பெயர்ச்சொல் எண்ணக்கூடியதா? எதைச் சொல்கிறோம் என்று வாசிக்கிறவருக்கு ஏற்கெனவே தெரியுமா? ஒரு மண் மாதிரி முதன்முதலில் வரும்போது ‘ஏ', அதையே மறுபடி குறிப்பிட்டால் ‘தி', பொதுவாகச் சுண்ணாம்பு என்றால் இரண்டும் வேண்டாம். விதிவிலக்குகள் ஏராளம்தான். ஆனாலும் ‘மெதட்ஸ்' பகுதியில் பெரும்பாலான இடங்கள் இதிலேயே தேறிவிட்டன.

முன்னுரைக்கு மூன்று படி உண்டு என்று காட்டியதும் அவரே. மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ஜான் ஸ்வேல்ஸ் 1990இல் விவரித்த முறை அது: இந்தக் களம் ஏன் முக்கியம், இதில் எந்த இடம் காலியாகக் கிடக்கிறது, அந்த இடத்தில் நான் என்ன செய்கிறேன். நம் கல்லூரி ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டுகளில் முதல் படி மட்டும் மூன்று பக்கம் ஓடும். ஆதிகாலம் முதல் மனிதன் மண்ணைப் பயன்படுத்தி வருகிறான் என்று ஆரம்பித்தால் சும்மாவா!

சாட்ஜிபிடி இருக்கும்போது இது எதற்கு என்று ரூம்மேட் கேட்டாள். ‘ஏ', ‘தி' விஷயத்தில் அது எந்த ட்யூட்டரையும்விட வேகம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் என் முரண்பட்ட இரண்டு பத்திகளையும் அதனிடம் கொடுத்தபோது, இரண்டையும் வழவழவென்று ஆக்கிக் கொடுத்தது, எது சரி என்று கேட்கவில்லை. பயன்படுத்துவதானால் உங்கள் ஜர்னலின் விதியையும் துறையின் விதியையும் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். மிட்டெர்ம் தாண்டினால் ஸ்லாட் கிடைப்பது குதிரைக்கொம்பு. செமஸ்டர் தொடக்கத்திலேயே பிடித்துவிடுங்கள். நாளை காலை சமர்ப்பிக்க வேண்டியதை இன்று மாலை கொண்டுபோவதில் பயனில்லை. 45 நிமிடத்தில் நாலைந்து பக்கம்தான் நகரும், ஆகவே முழு தீசிஸையும் தூக்கிக்கொண்டு போகாமல் ஒரு பகுதியோடு, அட்வைசர் எழுதிய கமென்ட்டுகளோடு போங்கள். கன்சல்டன்ட்களின் அறிமுகக் குறிப்பை வாசித்துத் தேர்ந்தெடுங்கள்: வாதம் புரிகிறதா என்று பார்க்க வேறு துறைக்காரர், மொழிச் சிக்கலுக்கு மொழியியல்காரர். பிடித்தவர் கிடைத்தால் அவரிடமே திரும்பப் போங்கள்.

ஊரில் இருந்துகொண்டு ஆங்கிலத்தில் கட்டுரை எழுதுகிறவர்களுக்குப் அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழகத்தின் ‘அவுல்' (OWL, ஆன்லைன் ரைட்டிங் லேப்) தளம் இலவசமாகக் கிடைக்கிறது. மியூரியல் ஹாரிஸ் 1976இல் அங்கே தொடங்கிய ரைட்டிங் லேபிலிருந்து 1994இல் கிளைத்தது அது. மேற்கோள் முறை, ஆர்ட்டிக்கிள் விதிகள் எல்லாம் அதில் உண்டு. எதிரில் உட்கார்ந்து கேள்வி கேட்கும் ஆளுக்குத்தான் நீங்களே வழி பண்ண வேண்டும். முன்னுரையை பிரின்ட் எடுத்து ஹாஸ்டலில் வேறு துறைக்காரர் ஒருவரைப் பிடித்து வாசித்துக் காட்டுங்கள், பத்திக்கு ஒரு வரி சொல்லச் சொல்லுங்கள். கெமிஸ்ட்ரிக்காரரும் ஆகும், தமிழ் எம்.ஏ.வும் ஆகும். உங்கள் லேப் ஆள் மட்டும் வேண்டாம்.