17 வரி சர்வீஸ் பில்: எது நியாயம், எது இல்லை

இத்தனை வருடமும் காரைக் கம்பெனி சர்வீஸுக்குத்தான் விட்டுக்கொண்டிருந்தேன். வாரண்டி முடிந்துவிட்டது, வண்டியும் 60,000 கிலோமீட்டரைத் தொட்டுவிட்டது, சரி இந்த முறை வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கிற ஒர்க்‌ஷாப்பில் விட்டுப் பார்ப்போம் என்று விட்டேன். காலையில் விட்டு மறுநாள் சாயங்காலம் எடுத்தேன். வேலை நன்றாகத்தான் இருந்தது. ஆனால் வண்டியை விடும்போது வாய்வார்த்தையாகச் சொன்ன தொகையைவிடப் பில் கால் பங்கு கூடுதலாக வந்தது. மொத்தம் 17 வரி. அங்கேயே நின்று ஒவ்வொரு வரியாகக் கேட்டேன், வீட்டுக்கு வந்து மேனுவலை வைத்துக்கொண்டு இன்னொரு முறை பார்த்தேன். நம்மில் பலர் கடைசி வரியில் இருக்கிற தொகையைப் பார்த்துத்தான் “கொள்ளை” என்றோ “பரவாயில்லை” என்றோ சொல்கிறோம். அந்தத் தொகையை வைத்து எதையும் சொல்ல முடியாது என்பது எனக்கு இந்த முறைதான் நன்றாகப் புரிந்தது.

முதலில் ஆயில். 3.5 லிட்டர் கேன் ஒன்று, 1 லிட்டர் கேன் ஒன்று என்று இரண்டு வரி போட்டிருந்தார்கள். என் வண்டிக்கு ஃபில்டரோடு சேர்த்து 3.6 லிட்டர்தான் மேனுவலில் போட்டிருக்கிறது. அப்படியென்றால் சின்னக் கேனில் 100 மில்லிதான் செலவாகியிருக்க வேண்டும், மீதி 900 மில்லி எங்கே என்று கேட்டேன். மெக்கானிக் ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய்க் கேனை எடுத்து வந்து டிக்கியில் வைத்தார். கேனுக்குக் காசு கொடுத்தால் மீதி ஆயில் நம்முடையதுதான், கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அப்புறம் பில்லில் வெறும் “சிந்தெடிக் ஆயில்” என்று மட்டும் இருந்தது, கிரேடு இல்லை. என் எஞ்சினுக்கு 5டபிள்யூ-30 என்கிற கிரேடு ஆயில் ஊற்ற வேண்டும். காலிக் கேனைக் காட்டச் சொல்லிப் பார்த்தேன், சரியாகத்தான் இருந்தது. அதைப் பில்லிலும் எழுதித் தரச் சொன்னேன், எழுதிக் கொடுத்தார். வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, எஞ்சினை அணைத்து ஐந்து நிமிடம் கழித்து ஆயில் அளவு பார்க்கும் குச்சியான டிப்ஸ்டிக்கைத் துடைத்துப் போட்டுப் பார்த்தேன். மேல் கோட்டுக்கு ஒரு நூல் கீழே நின்றது. மேல் கோட்டைத் தாண்டி ஊற்றியிருந்தாலும் தப்புதான், எஞ்சினுக்குள் சுற்றுகிற கிராங்க்‌ஷாஃப்ட் ஆயிலைக் கடைந்து நுரையாக்கிவிடும், நுரைத்த ஆயில் எஞ்சினைக் காப்பாற்றாது. ஆயில் ஃபில்டரும் டிரெய்ன் போல்ட் வாஷரும் அடுத்த இரண்டு வரி. அந்த வாஷர் ஒரு முறை நசுங்கினால் அவ்வளவுதான், புதிது போடுவதுதான் முறை, அதற்குத் தனி வரி போட்டதில் எனக்கு எந்த வருத்தமும் இல்லை.

ஏர் ஃபில்டர் மாற்றியது சரி, பழையதைக் காட்டினார், மடிப்புக்குள் மண் அப்பியிருந்தது.

பிரேக் விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். வண்டியை விடும்போது பிரேக் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை, பில்லில் முன் பக்க பேட் செட் (சக்கரத்தோடு சுற்றும் டிஸ்க்கை இரண்டு பக்கமும் அழுத்திப் பிடிக்கிற தகடுகள்) இருந்தது, கூடவே அந்தப் பேடுகளை அழுத்துகிற பாகமான காலிப்பருக்கு, காலிப்பர் சர்வீஸ் என்று ஒரு லேபர் வரியும் இருந்தது. முதலில் எனக்கு இதில்தான் சந்தேகம் வந்தது. பழைய பேடுகளைக் கேட்டேன், ஒரு துணியில் சுற்றி வைத்திருந்தார், மேஜை மேல் ஜோடி ஜோடியாகப் பிரித்து வைத்தார். ஒரு சக்கரத்தின் வெளிப் பேடில் 5 மில்லிமீட்டருக்கு மேல் மெட்டீரியல் மீதி இருந்தது. அதே சக்கரத்தின் உள் பேடில் 2 மில்லிமீட்டர்கூட இல்லை, அதுவும் சரிவாகத் தேய்ந்து ஒரு ஓரத்தில் இரும்புத் தகடு தெரிய ஆரம்பித்திருந்தது. சக்கரத்தின் இடைவெளி வழியாக வெளியிலிருந்து பார்த்தால் வெளிப் பேடுதான் கண்ணில் படும், “இன்னும் நிறைய இருக்கே” என்று தோன்றும், நானும் போன மாதம் அப்படித்தான் பார்த்துவிட்டு விட்டுவிட்டேன். காலிப்பர் வழுக்கி நகர்வதற்கு இருக்கிற ‘பின்’ என்கிற கம்பி துருவேறி இறுகிப் போனால் இப்படித்தான் ஆகும், பிஸ்டன் ஒரு பக்கம்தான் இருக்கிறது, காலிப்பர் நகர்ந்து வந்தால்தான் மறுபக்கப் பேடும் டிஸ்க்கை அழுத்தும், நகராவிட்டால் உள் பேடே எல்லா வேலையையும் செய்து தேய்ந்துவிடும். அந்தப் பின்னைக் கழற்றித் துருவைத் தேய்த்து, அதற்கான கிரீஸ் போட்டு மாட்டியதற்குத்தான் காலிப்பர் சர்வீஸ் என்று போட்டிருக்கிறார். இதைச் செய்யாமல் புதுப் பேடை மட்டும் மாட்டி அனுப்பியிருந்தால் பில் குறைந்திருக்கும், நான் சந்தோஷமாகப் போயிருப்பேன், இன்னும் கொஞ்ச நாளில் அந்தப் புதுப் பேடும் இதே மாதிரி தேய்ந்திருக்கும். மனதாரச் சொல்கிறேன், அந்தப் பில்லிலேயே மிக நியாயமான வரி அதுதான்.

பிரேக் ஆயில் மாற்றியதும் சரி. பலர் இதைத் தேவையில்லாத செலவு என்று நினைக்கிறார்கள், அது தவறு. பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். டாட் 4 என்கிற வகை பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது, ஈரம் ஏறிய பிறகு அந்த அளவு 155 வரை இறங்கிவிடலாம். மலை இறக்கத்தில் தொடர்ந்து பிரேக் பிடித்துக்கொண்டு வரும்போது ஆயில் கொதித்து ஆவியானால் பெடல் கால் கீழே அப்படியே அமுங்கிவிடும், வண்டி நிற்காது. பொதுவாக இரண்டு வருடத்துக்கு ஒரு முறை மாற்றச் சொல்கிறார்கள், என் வண்டியில் மாற்றி இரண்டரை வருடம் ஆகியிருந்தது.

இப்போது எனக்கு உடன்பாடில்லாத வரிகளுக்கு வருகிறேன்.

எஞ்சின் ஃபிளஷ். பழைய ஆயிலை வடிப்பதற்கு முன்னால் ஒரு கரைப்பானை ஊற்றிக் கொஞ்ச நேரம் எஞ்சினை ஓடவிட்டு அப்புறம் வடிக்கிறார்கள். காலாகாலத்தில் ஆயில் மாற்றிவந்த எஞ்சினுக்கு இது தேவையில்லை, என் மேனுவலில் அப்படி ஒரு வேலையே கிடையாது. தவிர, வடித்த பிறகும் உள்ளே கொஞ்சம் தங்கிப் புது ஆயிலோடு கலக்கும். என்னைக் கேட்டிருந்தால் வேண்டாம் என்று சொல்லியிருப்பேன். “எல்லா வண்டிக்கும் போடுறது சார்” என்றார். எல்லா வண்டிக்கும் போடுகிறார் என்பது என் வண்டிக்குத் தேவை என்பதற்குக் காரணம் ஆகாது, அதை அப்படியே அவரிடம் சொன்னேன். பெட்ரோல் டேங்கில் ஊற்றுகிற இன்ஜெக்டர் கிளீனரும் இதே கதைதான், பிக்கப்பில் குறை இல்லை, ஐடிலிங்கில் உதறல் இல்லை, மைலேஜ் குறையவில்லை, பிறகு எதற்கு?

ஏசி கேஸ் டாப்-அப் வரியில் எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது. ஏசி கூலாகக் கொஞ்சம் நேரம் எடுக்கிறது என்று நான்தான் சொல்லியிருந்தேன், அதை மறுக்கவில்லை. ஆனால் ஏசி என்பது மூடிய அமைப்பு, கேஸ் பெட்ரோல் மாதிரி ஓட ஓடச் செலவாகிற பொருள் இல்லை. நிறையக் குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது என்று அர்த்தம். கசிவைத் தேடாமல் மேலே நிரப்பினால் அதுவும் வெளியேதான் போகும். முறையாகச் செய்வதென்றால் உள்ளே இருப்பதை மெஷினில் இழுத்து எடையைப் பார்த்து, வேக்குவம் போட்டு உள்ளே இருக்கிற காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சி எடுத்து, பானெட்டுக்குள் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் எத்தனை கிராம் என்று இருக்கிறதோ அத்தனை கிராம் நிறுத்துப் போட வேண்டும். கூடப் போனாலும் கூலிங் குறையும், கம்ப்ரஸருக்கும் கெடுதல். எத்தனை கிராம் போட்டீர்கள் என்று கேட்டதற்குப் பிரஷர் பார்த்துப் போட்டோம் என்றுதான் பதில் வந்தது. இதில் இன்னொன்றும் இருக்கிறது. அதே சர்வீஸில் கேபின் ஃபில்டரையும் மாற்றியிருக்கிறார்கள், பழைய ஃபில்டர் காய்ந்த இலையும் தூசியுமாக அடைத்துப் போயிருந்தது, காற்றே புகாத அளவுக்கு. கூலிங் குறைந்ததற்கு அந்த ஃபில்டரே முழுக் காரணமாக இருந்திருக்கலாம். முதலில் அதை மட்டும் மாற்றி ஓட்டிப் பார்க்கச் சொல்லியிருந்தால் விடை கிடைத்திருக்கும், இரண்டையும் ஒன்றாகச் செய்துவிட்டதால் இப்போது ஏசி நன்றாக இருந்தும் எது சரிசெய்தது என்று எனக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது.

லேபர் வரிகளைத்தான் எல்லோரும் பார்க்க வேண்டும், ஆனால் யாரும் பார்ப்பதில்லை. ஸ்பேர் பார்ட்ஸ் விலையை வெளியே விசாரித்துவிடலாம், டப்பாவில் எம்ஆர்பி இருக்கிறது, பார்ட் நம்பரும் இருக்கிறது. லேபருக்கு அப்படி ஒன்றும் இல்லை. என் பில்லில் ஜெனரல் சர்வீஸ், பேட் மாற்ற, காலிப்பர் சர்வீஸ், டயர் ரொட்டேஷன் என்று நான்கு லேபர் வரி இருந்தது. பேட் மாற்ற முன் சக்கரங்களைக் கழற்றியே ஆக வேண்டும். ஜெனரல் சர்வீஸில் பின் பிரேக்கைக் கழற்றிச் சுத்தம் செய்வதும் சேர்த்தி, அதற்குப் பின் சக்கரங்களும் ஏற்கெனவே கீழே இறங்கிவிட்டன. நான்கு சக்கரமும் கீழே கிடக்கும்போது முன்னது பின்னாலும் பின்னது முன்னாலும் மாட்டினால் அதுதான் ரொட்டேஷன், அதற்கென்று ஒரு போல்ட்டைக்கூடக் கூடுதலாகக் கழற்றவில்லை. தனியாக ரொட்டேஷனுக்கு மட்டும் போயிருந்தால் அந்தக் கூலி நியாயம். இங்கே ஒரே வேலைக்கு இரண்டு தடவை வாங்குகிற மாதிரி ஆகிவிட்டது. இதைச் சொன்னதும் அவரே ஒரு நிமிடம் யோசித்துவிட்டுப் பேனாவை எடுத்து அந்த வரியை அடித்தார், கம்ப்யூட்டரில் எல்லா வேலைக்கும் தனித்தனி ரேட் ஏற்றி வைத்திருக்கிறார்கள், டிக் பண்ணினால் கூட்டிக்கொண்டே போகும் என்றார். ஏமாற்ற நினைத்துப் போட்டதாக நான் நினைக்கவில்லை. ஆனாலும் நாம் கேட்காவிட்டால் நம் காசுதான் போகிறது.

வீல் அலைன்மென்டுக்கு முன்னும் பின்னும் எடுத்த அளவுகளைப் பிரிண்ட் போட்டுக் கொடுத்தார்கள், சரி. கன்ஸ்யூமபிள்ஸ் என்று ஒரு வரி, கிரீஸ், துணி, பிரேக் கிளீனர் ஸ்பிரே எல்லாம் சேர்த்து. தொகை சின்னது, காலிப்பர் வேலையில் ஸ்பிரே உண்மையிலேயே செலவாகியிருக்கும், விட்டுவிட்டேன்.

பில்லில் இல்லாததையும் சொல்ல வேண்டும். பேட்டரியை மீட்டர் வைத்துப் பார்த்து 12.6 வோல்ட் காட்டுகிறது, நன்றாக இருக்கிறது, இப்போதைக்கு மாற்ற வேண்டாம் என்றார். ஸ்பார்க் பிளக்கையும் மாற்றிவிடலாமா என்று நானே கேட்டேன், இரிடியம் பிளக் சார், லட்சம் கிலோமீட்டர் வரும், அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டார். கேட்ட வாடிக்கையாளருக்கே வேண்டாம் என்று சொல்கிற இடம் இது. ஃபிளஷையும் கேஸையும் வைத்து மட்டும் இவர்களை மோசம் என்று சொல்ல எனக்கு மனம் வராததற்கு அதுதான் காரணம்.

கடைசியில் ஃபிளஷ், ரொட்டேஷன் இரண்டையும் எடுத்துவிட்டார்கள். இன்ஜெக்டர் கிளீனருக்கு நான் கொடுத்தேன், டேங்கில் ஊற்றியாகிவிட்டது, அவருக்கும் நஷ்டம் வேண்டாம். ஏசி கேஸுக்கும் கொடுத்தேன், ஆனால் ஆறு மாதத்துக்குள் கூலிங் குறைந்தால் கசிவை இலவசமாகப் பார்த்துத் தருவதாகப் பில்லின் பின்னால் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டேன். இத்தனைக்குப் பிறகும் முதலில் சொன்ன தொகையைவிடக் கூடத்தான் வந்தது, அந்தக் கூடுதல் பெரும்பாலும் பிரேக் வேலைக்குப் போனது, அந்த வேலைக்கு அவர் இன்னும் கொஞ்சம் கேட்டிருந்தாலும் கொடுத்திருப்பேன்.

என் உண்மையான குறை தொகையில் இல்லை. சக்கரத்தைக் கழற்றிப் பேடைப் பார்த்ததும் ஒரு போன் பண்ணியிருக்க வேண்டும். “சார், உள் பேடு போயிடுச்சு, போட்டோ அனுப்புறேன், மாத்தட்டுமா?” என்று இரண்டு நிமிடம் பேசியிருந்தால் நான் உடனே சரி என்றிருப்பேன், கூடவே ஃபிளஷும் கேஸும் வேண்டாம் என்றிருப்பேன். என்னைக் கேட்காமல் செய்த வேலைக்கு என்னிடம் பணம் கேட்பது, அந்த வேலை எவ்வளவு நல்ல வேலையாக இருந்தாலும், சரியில்லை. இதை அவரிடமே சொன்னேன், ஒத்துக்கொண்டார்.

ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன். கை வேலைக்கு மட்டும் என்றால் நாலரை. அடுத்த சர்வீஸுக்கும் அங்கேதான் விடப் போகிறேன், ஆனால் எஸ்டிமேட்டை ஜாப் கார்டில் எழுதி வாங்கி, அதற்குக் கீழேயே “இதற்கு மேல் எது செய்தாலும் போன் செய்து கேட்டுவிட்டுச் செய்யவும்” என்று எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் சாவியைக் கொடுப்பேன். மீதி ஆயில் கேன் டிக்கியில்தான் இருக்கிறது, போன வாரம் டிப்ஸ்டிக் பார்த்தேன், 1,200 கிலோமீட்டர் ஓடியும் இன்னும் அதே இடத்தில் நிற்கிறது.