கன்சல்டன்சி வழியாக ஒப்பந்த வேலை: இன்வாய்ஸ் அனுப்புவது முதல் பணம் கைக்கு வருவது வரை

சென்னை, பெங்களூரு நிறுவனங்களுக்குத் திருநெல்வேலியில் இருந்தபடியே மென்பொருள் வேலை செய்பவர்கள் பெருமாள்புரத்திலும் மகாராஜ நகரிலும் கே.டி.சி. நகரிலும் இப்போது நிறையவே இருக்கிறார்கள். அவர்களில் ஒரு பகுதியினர் சம்பளக்காரர்கள் அல்லர். கன்சல்டன்சி என்று எல்லோரும் சொல்லும் ஆள்சேர்ப்பு நிறுவனத்தோடு ஒப்பந்தம் செய்துகொண்டு, மாதந்தோறும் அதன் பெயருக்கு இன்வாய்ஸ் அனுப்பிப் பணம் பெறுகிறவர்கள். நானும் அவர்களில் ஒருவன். சென்னையில் தலைமையகமும் வண்ணார்பேட்டையில் சிறிய கிளையும் வைத்திருக்கும் ஒரு கன்சல்டன்சியின் சேவையை, குறிப்பாகப் பணம் வழங்கும் முறையை, இங்கே மதிப்பிடுகிறேன். நிறுவனத்தின் பெயரைத் தவிர்த்திருக்கிறேன். இதில் வரும் குறைகளில் பெரும்பாலானவை இந்தத் தொழிலில் பல இடங்களிலும் உள்ளவையே.

வேலை பிடித்துக் கொடுப்பதில் இவர்கள் கெட்டிக்காரர்கள். நம் அனுபவத்துக்குப் பொருந்தாத வேலைக்கு நம்மை அனுப்பி நேரத்தை வீணடிப்பதில்லை. சேரும் முன்பே, அவர்களுடைய பேரோலில், அதாவது சம்பளப் பட்டியலில், சேர்ந்து பி.எஃப். பிடித்தத்தோடு மாதச் சம்பளம் வாங்குவதா, தனி நபராக இன்வாய்ஸ் போடுவதா என்று கேட்டு, இரண்டிலும் கையில் எவ்வளவு வரும் என்பதை ஒரு தாளில் எழுதிக் காட்டினார்கள். இந்த விளக்கம் இல்லாமல் கையெழுத்துப் போட்டுவிட்டு, பி.எஃப். எங்கே என்று பிறகு கேட்டுக்கொண்டு நிற்பவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆகவே இதை ஒரு பெரிய நன்மையாகவே கருதுகிறேன்.

இன்வாய்ஸ் நடைமுறை கண்டிப்பானது. மாதக் கடைசியில் டைம்ஷீட்டை (வேலை நாட்களின் பதிவு) அவர்களுடைய போர்ட்டலில் ஏற்ற வேண்டும். நாம் வேலை செய்து கொடுக்கும் வாடிக்கையாளர் நிறுவனத்தின் மேலாளர் அதற்கு ஒப்புதல் கொடுத்த பிறகே இன்வாய்ஸை ஏற்றும் பக்கம் திறக்கும். அதில் பி.ஓ. (கொள்முதல் ஆணை) எண், சேவைக்கான எஸ்.ஏ.சி. குறியீடு, வேலை நாட்களின் எண்ணிக்கை ஆகியவை டைம்ஷீட்டோடு அச்சாகப் பொருந்த வேண்டும். ஒரு மாதம் அரை நாள் விடுப்பை நான் டைம்ஷீட்டில் காட்டியிருந்தும், மேலாளர் அதை முழு நாளாகத் திருத்திவிட்டார். இன்வாய்ஸ் திரும்பி வந்தது. ஆனால் எதற்காகத் திரும்பியது என்ற காரணம் போர்ட்டலில் எங்கும் இல்லை, ‘நிராகரிக்கப்பட்டது’ என்ற ஒரு சொல் மட்டுமே இருந்தது. கிளைக்குத் தொலைபேசியில் பேசித்தான் தெரிந்துகொள்ள முடிந்தது. ஒரு வரி காரணத்தைத் திரையில் காட்டியிருந்தால் அன்றே சரிசெய்திருக்கலாம்.

உண்மையான சிக்கல் இதற்கு அப்பால்தான் தொடங்குகிறது. ஒப்பந்தத்தில், வாடிக்கையாளர் நிறுவனம் கன்சல்டன்சிக்குப் பணம் செலுத்திய பிறகே நமக்குப் பணம் வழங்கப்படும் என்று ஒரு விதி இருந்தது. கணக்குப் பிரிவில் இருக்கும் தம்பி மரியாதையான பையன், கேட்கும்போதெல்லாம், “அண்ணாச்சி, அவுங்ககிட்ட இருந்து இன்னும் வரல. வந்த மறுநாளே போட்டுருதோம்” என்பார். அவர் சொல்வது பொய்யும் அல்ல, வந்த மறுநாளே போட்டும் விடுகிறார்கள். ஆனால் அந்த வாடிக்கையாளரோடு எனக்கு எந்த ஒப்பந்தமும் கிடையாது; என் இன்வாய்ஸ் கன்சல்டன்சியின் பெயருக்குத்தான் போகிறது. அவர்களுக்கு வர வேண்டிய பணம் தாமதமாவதன் சுமையை, அதை வசூலிக்கும் வழி எதுவுமே இல்லாத என் மீது ஏற்றுவது நியாயமில்லை.

ஜிஎஸ்டி உள்ளவர்களுக்கு இந்தத் தாமதம் இரட்டை அடி. ஆண்டு வரவு 20 லட்சம் ரூபாயைத் தாண்டினால் சேவை வழங்குபவர் பதிவு செய்தாக வேண்டும். மாதம் 2,00,000 ரூபாய்க்கு இன்வாய்ஸ் போடுகிறவர் 18 சதவீதம், அதாவது 36,000 ரூபாய், வரி சேர்த்து 2,36,000 ரூபாய்க்கு அனுப்புகிறார். மாதக் கணக்கு தாக்கல் செய்பவராக இருந்தால், பணம் வந்தாலும் வராவிட்டாலும் அந்த 36,000 ரூபாயை அடுத்த மாதம் 20-ஆம் தேதிக்குள் அரசுக்குக் கட்ட வேண்டும். வராத பணத்துக்குக் கைக்காசைப் போட்டு வரி கட்டும் நிலை இது. தங்களுக்கு உள்ளீட்டு வரி வரவு (நமக்குக் கொடுக்கும் ஜிஎஸ்டியைத் தங்கள் வரியில் கழித்துக்கொள்ளும் உரிமை) கிடைக்க வேண்டும் என்பதால், 11-ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டிஆர்-1 என்ற இன்வாய்ஸ் விவரக் கணக்கை ஏற்றியாயிற்றா என்று கன்சல்டன்சியிலிருந்து தவறாமல் அழைத்துக் கேட்கிறார்கள். அதே அக்கறையைப் பணம் கொடுக்கும் தேதியிலும் காட்டுவதுதான் முறை.

இதற்குச் சட்டத்தில் வழி இருக்கிறது, நம்மில் பலர் அதைப் பயன்படுத்துவதில்லை. 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டப்படி, குறு, சிறு நிறுவனங்களிடம் சேவை பெற்றவர் ஒப்புக்கொண்ட தேதிக்குள் பணம் கொடுக்க வேண்டும். எழுத்தில் எப்படி ஒப்புக்கொண்டாலும் அந்தக் கெடு 45 நாட்களைத் தாண்டக் கூடாது. தாண்டினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதந்தோறும் கூட்டு வட்டியாக, சேரும். தனி நபராகத் தொழில் செய்பவரும் இத்தகைய நிறுவனங்களுக்கான அரசின் உத்யம் தளத்தில் கட்டணமின்றிப் பதிவு செய்துகொள்ளலாம். வேலை தொடங்கும் முன்பே அதைச் செய்துவிடுவது நல்லது. இதற்கு மேல், 1961-ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டத்தில் 2024-25 மதிப்பீட்டு ஆண்டு முதல் நடைமுறைக்கு வந்த 43பி(எச்) பிரிவு, இந்தக் கெடுவுக்குள் கொடுக்காத தொகையை, பணம் தர வேண்டிய நிறுவனம் உண்மையில் கொடுத்த ஆண்டில்தான் தன் செலவாகக் காட்ட முடியும் என்று ஆக்கியது. மார்ச் மாதத்தில் மட்டும் நிலுவைகள் விரைந்து தீர்வதற்கு இதுவே காரணம் என்று பாளையங்கோட்டையில் எனக்குக் கணக்குப் பார்க்கும் ஆடிட்டர் சொன்னார்.

ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் நேரத்தில் உத்யம் சான்றிதழை வைத்துக்கொண்டு, வாடிக்கையாளர் பணம் செலுத்திய பிறகே நமக்கு என்ற விதியை மாற்றக் கேட்டேன். சென்னைத் தலைமையகம் முதலில் மறுத்தது. பிறகு, இன்வாய்ஸ் ஏற்கப்பட்ட நாளிலிருந்து 30 நாட்களுக்குள், வாடிக்கையாளர் பணம் கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும், தொகை வழங்கப்படும் என்று எழுதிக் கொடுத்தது. அதன்பின் சொன்ன தேதிக்குப் பணம் வந்துகொண்டிருக்கிறது. கேட்டால் மாற்றிக் கொடுக்கிறார்கள் என்பது இவர்களிடம் எனக்குப் பிடித்த குணம். கேட்காதவர்களுக்கும் அதே விதியைக் கொடுத்திருந்தால் இந்த மதிப்பீட்டில் குறை என்று எழுத அதிகம் இருந்திருக்காது.

டிடிஎஸ், அதாவது பணம் கொடுப்பவரே முன்கூட்டிப் பிடித்து அரசுக்குக் கட்டும் வருமான வரி, பிடித்தத்தில் ஒழுங்கு இருக்கிறது, ஆனால் விகிதத்தைக் கவனிக்க வேண்டும். 1961-ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டத்தின் 194ஜே பிரிவில் தொழில்முறைச் சேவைக்கு 10 சதவீதமும், தொழில்நுட்பச் சேவைக்கு 2020 ஏப்ரல் முதல் 2 சதவீதமும் பிடித்தம். இவர்கள் எல்லோருக்கும் ஒரே மாதிரி 10 சதவீதம் பிடிக்கிறார்கள். மேலே சொன்ன 2,00,000 ரூபாய் இன்வாய்ஸில் அது 20,000 ரூபாய். தொழில்நுட்பச் சேவையாகக் கொண்டால் 4,000 ரூபாய்தான். வித்தியாசமான 16,000 ரூபாய் ஆண்டு வரிக் கணக்கில் திரும்பக் கிடைக்கலாம் என்றாலும், அதுவரை முடங்கிக் கிடக்கும். நம் வேலை எந்த வகையில் சேரும் என்பதை ஆடிட்டரிடம் கேட்டு, ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ள வேண்டும். ஜிஎஸ்டியை இன்வாய்ஸில் தனியாகக் காட்டியிருந்தால் அந்தத் தொகையின் மீது டிடிஎஸ் பிடிக்கக் கூடாது என்பதை இவர்கள் சரியாகவே பின்பற்றுகிறார்கள். ஜூன் காலாண்டுக்கான 16ஏ படிவம் (டிடிஎஸ் சான்றிதழ்) ஆகஸ்ட் 15-க்குள் மின்னஞ்சலில் வந்தது. நம் பெயரில் பிடித்த வரியைக் காட்டும் 26ஏஎஸ் அறிக்கையிலும் தொகை பிசகின்றிப் பதிவாகியிருந்தது.

கையில் இரண்டு மூன்று மாதச் செலவுக்குப் பணம் இருப்பவர்கள், பணம் கொடுக்கும் கெடுவை எழுத்தில் வாங்கிக்கொண்டு இவர்களிடம் தாராளமாகச் சேரலாம். மாத வரவை வைத்து வீட்டுக் கடன் தவணை கட்டுகிறவர்களுக்கு, தொகை கொஞ்சம் குறைந்தாலும், இதே கன்சல்டன்சியின் பேரோல்தான் பொருத்தம். அங்கே சம்பளம் மாதக் கடைசியிலேயே வந்துவிடுகிறது என்று அதில் இருக்கும் நண்பர்கள் சொல்கிறார்கள்.