ஓபரா லிப்ரெட்டோ: முழுதாக முடித்துக் கொடுப்பதா, காட்சி காட்சியாகவா?

லிப்ரெட்டோ என்பது ஓபரா என்னும் இசை நாடகத்தில் பாடப்படும் வரிகளின் பிரதி. எழுத்தாளர் அதை முழுதாக முடித்து இசையமைப்பாளரிடம் கொடுத்தால் கதைக்கட்டு உறுதியாக நிற்கும். சிக்கல் நீளத்தில்தான். பேசும் வரியைப் பாடினால் இரண்டு மூன்று மடங்கு நேரம் பிடிக்கும். மேடை நாடகம்போல எழுதித் தள்ளினால் இசையமைப்பாளரே கத்திரி போடுவார், அதுவும் கதைக்கு அவசியமான வரியில்!

காட்சி காட்சியாகக் கொடுத்தால் இது முன்கூட்டியே தெரிந்துவிடும். சோப்ரானோவின் (மிக உயர்ந்த பெண்குரலில் பாடுபவரின்) உச்ச ஸ்வரத்தில் ‘இ’, ‘உ’ வந்து விழுந்தால் குரல் இறுகும், சொல்லும் புரியாது. அங்கே ‘ஆ’ வரும் சொல்லாக மாற்றித் தரலாம். ஆனால் மூன்றாம் காட்சியில் கதை திசைமாறினால், முதல் காட்சிக்குப் போட்ட இசை வீண்.

இரண்டாவதே மேல், காட்சிவாரிச் சுருக்கத்துக்கு இருவரும் முதலிலேயே சம்மதித்திருந்தால். பியானோவோடு பாடிப் பார்க்கும் கட்டம்வரை தாராளமாக வெட்டலாம். வாத்தியக்குழுவுக்கு எழுதி முடித்தபின் நான்கு வரி வெட்டினாலும் எல்லா வாத்தியத் தாள்களையும் திருத்த வேண்டும்.