பனிப்பாதையில் ஓட எதை மாட்டுவது? மூன்று சோடியும் ஒரு கணுக்காலும்

ஒட்டாவாவில் டிசம்பர் கடைசியில் பின்னேரம் நாலரைக்கு முன்பே சூரியன் இறங்கிவிடும். கோடை முழுக்க வெளியில் ஓடிப் பழகியவர்கள் அப்போது ஜிம்முக்குள் போய்ச் சுவரைப் பார்த்தபடி ட்ரெட்மில்லில் ஓடுவார்கள். நானும் இரண்டு குளிர்காலம் அப்படித்தான் ஓடினேன், அதில் சொல்ல ஒன்றுமில்லை. மூன்றாவது குளிர்காலத்தில் பனிக்குள் இறங்குவதென்று முடிவெடுத்தேன். காலில் எதை மாட்டிக்கொண்டு இறங்குவது என்பதில்தான் பிழை விட்டேன்.

வாடகைக் கடைக்குப் போய் "ஸ்னோஷூ வேண்டும்" என்று மட்டும் கேட்டேன். பனியில் கால் புதையாமல் இருக்கச் சப்பாத்துக்கு அடியில் கட்டும் அகலமான சட்டம்தான் ஸ்னோஷூ. ஓடப்போகிறேன் என்று சொல்லவில்லை. கடைக்காரர் என் எடையைக் கேட்டார், பை சுமப்பேனா என்று கேட்டார், 76 சென்டிமீட்டர் நீளத்தில் அலுமினியச் சட்டம் போட்ட ஒரு சோடியை எடுத்துத் தந்தார். அவர் கேட்டதில் தவறே இல்லை. நடப்பதற்கான ஸ்னோஷூவில் உடல் எடையும் சுமையும் கூடக்கூட அளவும் கூடவேண்டும், இல்லாவிட்டால் ஆழமான பனியில் மிதக்காது. எனக்குத் தேவைப்பட்டதோ மிதப்பு அல்ல.

ஆற்றுக்கு அந்தப்பக்கம், கியூபெக்கில் இருக்கும் கட்டினோ பூங்காவுக்குப் போனேன். தேசியத் தலைநகர ஆணையம் பராமரிக்கும் 361 சதுர கிலோமீட்டர் காடு அது. குளிர்காலப் பாதைகளுக்கு அனுமதிச்சீட்டு எடுக்கவேண்டும். ஸ்கீ பாதைகள் வேறு, ஸ்னோஷூ பாதைகள் வேறு. இயந்திரம் போட்டு வைத்த இரட்டைக் கோடு தெரிந்தால் அது ஸ்கீக்காரர்களுடையது. அதை மிதித்துக் குலைத்தால் திட்டு வாங்குவது நிச்சயம், அதில் நியாயமும் உண்டு.

முதல் நூறு மீட்டர் கால்களை அகட்டி அகட்டி ஓடினேன். அகட்டாமல் ஓடினால் என்ன என்று தோன்றியது. உடனே வலது சட்டத்தின் விளிம்பு இடது கணுக்காலின் உள் எலும்பில் போய் அடித்தது. இரண்டு கிலோமீட்டருக்குள் அதே இடத்தில் நாலைந்து அடி. வீட்டுக்கு வந்து காலுறையைக் கழற்றினால், எலும்புக்கு மேலே ஐந்து சத நாணயம் அளவுக்குத் தோல் உரிந்திருந்தது. கூட ஓடுகிற நண்பனிடம் படத்தை அனுப்பினேன். "மச்சான், அது நடக்கிறதுக்கடா. ஓடுறதுக்கு வேற இருக்கு" என்று பதில் வந்தது.

அந்த "வேற" சோடியை அவனே இரவல் தந்தான். பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் வித்தியாசம் புரிந்தது. ஓட்டத்துக்கானது அகலம் 20 சென்டிமீட்டர் அளவு, நீளம் 55 முதல் 63 வரை. வால் பக்கம் ஒடுங்கிப் போகும். நடைக்கான சோடி சாதாரணமாக இரண்டு கிலோவை ஒட்டி வரும், இது ஒன்று, ஒன்றேகால் கிலோதான். அமெரிக்காவின் வெர்மான்டில் செய்யப்படும் டியான் நிறுவனச் சோடி போன்றவற்றில் கட்டும் வாரையும் அடியில் உள்ள பல்லையும் தனித்தனியே மாற்றிக்கொள்ளலாம்.

ஆனால் எடையையும் அளவையும் விடப் பெரிய வித்தியாசம் கால் பிணைக்கப்படும் இடத்தில் இருக்கிறது, கடைகளில் இதை யாரும் விளக்குவதில்லை. நடைக்கானவை பலவற்றில் முன்பாதம் ஒரு அச்சில் தாராளமாகச் சுழலும். காலைத் தூக்கினால் வால் கீழே தொங்கும், அதில் ஏறிய பனி வழிந்து விழும். செங்குத்தான ஏற்றத்தில் முனைப் பல்லைக் குத்தி ஏற இது அருமை. ஓடும்போதோ அந்த வால் தரையில் இழுபடும், ஒவ்வொரு அடியும் தாமதமாகும். ஓட்டத்துக்கானதில் அச்சுக்குப் பதில் இறுக்கமான வார் ஒன்று குறுக்கே போகும். குதிக்கால் எழும்பும்போது அது வாலையும் சேர்த்து மேலே இழுத்துவிடும். கால் சப்பாத்தோடு ஓடுவது போலவே நகரும். அதற்கு ஒரு தண்டம் உண்டு: எழும்பும் வால் பனியை வாரி முதுகில் எறியும். யாரோ பின்னால் நின்று பிடிபிடியாக உப்புத்தூள் வீசுவது போல இருக்கும். அரை மணி நேரத்தில் இடுப்புக்குக் கீழே நனைந்துவிடும். பின்பக்கம் நீண்ட, காற்றுப் புகாத மேற்சட்டை போடாமல் போய்விட்டு என்னைத் திட்டவேண்டாம்.

வேகத்தை மறந்துவிடவேண்டும். தார் வீதியில் கிலோமீட்டருக்கு 6 நிமிடம் ஓடுகிற நான், அன்று 9 நிமிடத்தில் மூச்சு வாங்கினேன். அடுத்த நாள் படி ஏறும்போது தொடையும் இடுப்பும் சேரும் இடம் முன்பக்கமாக வலித்தது. ஒவ்வொரு அடிக்கும் முழங்காலைக் கொஞ்சம் அதிகமாகத் தூக்கியதன் விளைவு. கணுக்கால் மட்டும் தப்பியது.

இதற்கும் எல்லை இருக்கிறது. அமெரிக்கப் போட்டி விதிப்படி ஓட்ட ஸ்னோஷூவுக்குக் குறைந்தது 120 சதுர அங்குலப் பரப்பு வேண்டும். பெரும்பாலானவை அந்த அளவைச் சுற்றித்தான் செய்யப்படுகின்றன. யாரும் மிதிக்காத, முழங்கால் ஆழப் பனியில் அது போதாது. பத்துப் பேர் நடந்து ஓரளவு அமுங்கிய பாதை, அதன்மேல் ஒரு சாண் புதுப்பனி: இதுதான் அதன் இடம்.

சரி, சப்பாத்துக்கு மேல் ரப்பரோடு இழுத்து மாட்டும் முள் சங்கிலி? கடூலா மைக்ரோஸ்பைக் என்பது இங்கே எல்லோருக்கும் தெரிந்த பெயர். ஒரு காலுக்கு 12 முள், ஒவ்வொன்றும் ஒரு சென்டிமீட்டர். சோடி சுமார் 350 கிராம். ஸ்னோஷூவோடு ஒப்பிட்டால் காலில் இருப்பதே தெரியாது. ஒட்டாவா ஆற்றங்கரையோரம் போகும் கிச்சி சிபி குளிர்காலப் பாதை மாதிரித் தட்டையாக அமுக்கி வைத்த இடத்தில் இதை அடிக்க வேறொன்று இல்லை. இறுகிய பனிக்கட்டியிலும் அப்படியே.

ஆனால் 20 சென்டிமீட்டர் புதிதாகக் கொட்டிய காலையில் முள் எதையும் பிடிக்காது, பிடிக்க அங்கே எதுவும் இல்லை. கணுக்கால் வரை இறங்கும், ஒவ்வொரு அடிக்கும் ஒரு குழி. அந்தக் குழிகள் இரவில் கல்லாக இறுகி, மறுநாள் வருகிறவரின் காலைப் பிரட்டும். வெப்பநிலை பூச்சியத்தை ஒட்டியிருந்தால் வேறு தொல்லை. தண்ணீர் கூடிப்போன புட்டுமா போலப் பனி முள்ளுக்கு இடையில் உருண்டு ஒட்டும். குதிக்கால் செருப்புப் போட்டது போல உயர்ந்து, மரத்தில் உதைத்து உதைத்துக் கழற்றிக்கொண்டே ஓடவேண்டும்.

இன்னொன்றும் உண்டு. கொலராடோவின் கிரசென்ட் மூன் நிறுவனம் செய்யும், முழுக்க நுரையாலான ஸ்னோஷூ. அடி வளைந்திருப்பதால் உருண்டு போகும் சுகம், சத்தமும் குறைவு. நண்பர் ஒருவருடையதைப் பத்து நிமிடம் போட்டுப் பார்த்தேன். மென்மையான, சமமான பாதைக்கு நல்லது. இறுகிய சரிவில் எனக்கு நம்பிக்கை வரவில்லை. ஸ்கீயை இந்தப் போட்டியில் சேர்க்கவில்லை, அதைத் தனியாகப் படிக்கவேண்டும், ஓட்டக்காரரின் கால் பழக்கம் அங்கே அதிகம் உதவாது.

இதெல்லாம் புதுப் பைத்தியம் என்று நினைக்கவேண்டாம். 1840களிலேயே மொன்றியலில் ஸ்னோஷூ கழகம் இருந்தது. நீலக் கம்பளித் தொப்பி போட்டுக்கொண்டு பந்தயம் ஓடினார்கள், தடை தாண்டும் ஓட்டம்கூட உண்டு. ஆஷ் என்ற மரத்தின் சட்டத்தில் தோல் வாரைப் பின்னிய அந்தக் கருவி பூர்வகுடிகளுடையது. மொன்றியலுக்குப் பக்கத்தில் உள்ள கானவாகேயின் மொஹாக் பூர்வகுடி ஓட்டக்காரர்களும் அந்தப் பந்தயங்களில் ஓடினார்கள். கியூபெக்கில் இன்றைக்கும் அதற்குப் பெயர் "ரக்கெட்", டென்னிஸ் மட்டைக்கும் அதே சொல். 76 சென்டிமீட்டர் சோடியோடு ஓடிய எனக்கு அந்தப் பொருத்தம் நன்றாகவே புரிந்தது.

முதல் தடவை போகிறவருக்கு நான் சொல்வது இது. காசு கொடுத்து வாங்குவதென்றால் முள்ளை வாங்குங்கள், குளிர்காலத்தில் பாதிக்கு மேற்பட்ட நாட்கள் அதுதான் தேவைப்படும், வீட்டு வாசலில் வழுக்கும்போதும் உதவும். ஓட்ட ஸ்னோஷூ மலிவில்லை, முதலில் இரவலோ வாடகையோ எடுங்கள். தொலைபேசியில் கேட்கும்போதே "ஓடுவதற்கு" என்று சொல்லுங்கள், பல கடைகளில் நடைக்கானது மட்டும்தான் இருக்கும். பனி கொட்டிய அன்றே போகாமல் ஒரு நாள் விட்டுப் போங்கள். நடைக்கான சோடி வீட்டாரோடு காட்டுக்குள் ஆறுதலாக நடக்கட்டும். அப்புறம், தண்ணீர்ப் போத்தலைத் தலைகீழாக வையுங்கள். மேற்பக்கம்தான் முதலில் உறையும், வாய் கீழே இருந்தால் குடிக்கலாம்.

இப்போது என் கார் டிக்கியில் இரண்டு சோடி கிடக்கின்றன. வாகனத் தரிப்பிடத்தில் இறங்கி, பாதை தொடங்கும் இடத்தில் வெறும் சப்பாத்தோடு குதிக்காலை ஊன்றிப் பார்ப்பேன். அடித்தட்டு மறையும் அளவு மட்டும் இறங்கினால் முள். கணுக்காலைத் தொட்டால் ஸ்னோஷூ. முழங்காலை நோக்கிப் போனால் காருக்குள் திரும்பி, பிளாஸ்க்கைத் திறந்து, எனக்கு முன்னால் பத்துப் பேர் நடக்கும்வரை தேநீர் குடிப்பேன்.