சிம்னி வழியே வந்த வாடை

எங்கள் வீடு திருவான்மியூரில், மூன்றாவது மாடி. கடற்கரைக்கு நடந்தே போய்விடலாம். 2021-இல் சமையலறையில் மின்சார சிம்னி மாட்டினோம். புகை வெளியே போக 6 அங்குல டக்ட் பைப், அதற்குக் கிழக்குச் சுவரில் ஓட்டை. புகை போனது, தாளிப்பு நெடி போனது, எல்லாம் சரி. ஐப்பசி பிறந்ததும்தான் வினை ஆரம்பித்தது. சிம்னி ஓடாத நேரங்களில் அதே ஓட்டை வழியாகக் காற்று உள்ளே வர ஆரம்பித்தது.

வாடை என்ற சொல்லுக்கு இரண்டு அர்த்தம் உண்டு. எங்களுக்கு இரண்டும் சேர்ந்தே வந்தன. வடகிழக்குக் காற்று ஒன்று, டக்டுக்குள் படிந்த பழைய எண்ணெயின் சிக்கு நாற்றம் இன்னொன்று. காலையில் பால் வைத்தால் தீ ஒரு பக்கமாகச் சாயும். சிம்மில் வைத்த சின்ன பர்னர் இரண்டு தடவை அணைந்தே போனது. சிலிண்டர் கேஸ் காற்றைவிடக் கனம். கசிந்தால் தரையோடு தங்கும். அதனால் இதைச் சின்ன விஷயம் என்று விட முடியவில்லை.

முதல் வைத்தியம் அம்மாவுடையது. “பழைய துண்டைச் சுருட்டி அடைச்சிடுடா, வேலை முடிஞ்சது.” ஜன்னல் வழியாகக் கைவிட்டால் ஓட்டை எட்டும். அடைத்தேன். காற்று நின்றது. மூன்றாம் நாள் துண்டை மறந்துவிட்டு மிளகாய் வறுக்க சிம்னியைப் போட்டேன். மோட்டார் வேறு குரலில் முனக, வீடு முழுக்க இருமல். துண்டு, தெர்மோகோல், அட்டை என்று எதையும் இப்படிச் செருக வேண்டாம். ஒரு நாள் கட்டாயம் மறந்துபோகும்.

மாண்டஸ் புயல் மாமல்லபுரம் பக்கம் கரையைக் கடந்தது 2022 டிசம்பர் 9 இரவில். மறுநாள் காலை அடுப்பு மேடையில் பழுப்பாக, டீ டிகாக்‌ஷன் போல, சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். டக்ட் வெளிப்பக்கம் சற்றுத் தாழ்ந்து இருந்தால்தான் உள்ளே புகும் மழைநீர் வெளியே வழியும். எங்களுக்கு மாட்டியவர் உள்பக்கம் சரிவாக விட்டிருந்தார். அதோடு, நாலடி தூரத்துக்கு எட்டடி அலுமினியப் பைப்பை மலைப்பாம்பு மாதிரி மடக்கி வைத்திருந்தார். ஒவ்வொரு வளைவும் உறிஞ்சும் வேகத்தைக் குறைக்கும். மடிப்புகளில் எண்ணெயும் தங்கும்.

வேறொரு டெக்னீஷியனை வரவழைத்துக் கழற்றிப் பார்த்தோம். சிம்னியின் தலையில், டக்ட் சேரும் இடத்தில், அரைவட்டமாக இரண்டு பிளாஸ்டிக் ஃப்ளாப்கள் உண்டு. சிம்னி ஓடும்போது திறக்கும், நின்றால் விழுந்து மூடிக்கொள்ளும். வெளிக்காற்றைத் தடுப்பதே அதன் வேலை. எங்களுடையதில் ஒன்று எண்ணெய்ப் பிசுக்கில் திறந்தபடியே ஒட்டிக்கிடந்தது. இன்னொன்று கழன்று பைப்புக்குள் கிடந்தது. சிம்னியில் ‘ஆட்டோ கிளீன்’ பட்டன் இருக்கிறது. அதற்கும் இந்த ஃப்ளாப்புக்கும் சம்பந்தமே இல்லை என்பது அன்றுதான் தெரிந்தது.

ஃப்ளாப் மாற்றி, பைப்பைக் குறைத்து, சுவர் ஓட்டைக்கு வெளியே மூடி ஒன்றும் போட்டோம். முதல் மூடியின் இரும்புக் கீல் உப்புக் காற்றில் ஒரே வருடத்தில் துருப்பிடித்து இறுகிவிட்டது. கடலோரத்தில் இருப்பவர்கள் பிளாஸ்டிக் பட்டைகள் உள்ளதாகவே வாங்குங்கள். எனக்கு 350 ரூபாய் ஆனது. சுற்றிலும் சிலிகான் பூசச் சொல்லுங்கள்.

அப்படியும் லேசாகக் காற்று வந்துகொண்டிருந்தது. அதைக் கண்டுபிடித்தது டொரண்டோவில் இருக்கும் அக்கா. அவள் வீட்டில் விறகு எரிக்கும் கணப்பு. பனிக்காலத்தில் அதன் புகைபோக்கி வழியாகக் குளிர் இறங்குமாம். அதை அடைக்க டாம்பர் என்று ஒரு இரும்புத் தகடு இருக்கிறது. நெருப்பு முழுதாக அணைந்து சாம்பல் ஆறிய பிறகே மூட வேண்டும், முன்னாலேயே மூடினால் கார்பன் மோனாக்சைடு வீட்டுக்குள் தேங்கிவிடும் என்றாள். நம் ஊர் வெயிலில் உட்கார்ந்துகொண்டு கணப்பைப் பற்றிக் கேட்பது எனக்கு வேடிக்கையாக இருந்தது. ஆனால் அடுத்து அவள் கேட்டதுதான் விஷயம்: “ஏன்டா, பாத்ரூம்ல எக்ஸாஸ்ட் ஓடிட்டே இருக்கா?”

ஓடிக்கொண்டுதான் இருந்தது. மழை என்று ஜன்னல்களை எல்லாம் சாத்தியிருந்தோம். எக்ஸாஸ்ட் வெளியே தள்ளும் காற்றுக்கு ஈடாக எங்கிருந்தாவது காற்று உள்ளே வந்தாக வேண்டும். சிம்னி ஓட்டைதான் அதற்குச் சுலபமான வழி. பூஜை அலமாரியிலிருந்து ஒரு ஊதுபத்தியை எடுத்து சிம்னிக்குக் கீழே பிடித்தேன். எக்ஸாஸ்ட் ஓடும்போது புகை என் முகத்துக்கு வந்தது. நிறுத்தியதும் நூல் பிடித்தது போல நேராக மேலே போனது. இப்போது எக்ஸாஸ்ட் போட்டால் ஹால் ஜன்னலை இரண்டு விரற்கடை திறந்து வைக்கிறோம். சிம்னி ஓடும்போதும் அப்படியே. புகை இன்னும் வேகமாகப் போகிறது.

மூன்று மழைக்காலம் ஆகிவிட்டது. தீ சாய்வதில்லை. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஃப்ளாப்பைச் சுடுதண்ணீரும் சோடா உப்பும் போட்டுத் தேய்க்க வேண்டும். மழைக்கு பஜ்ஜி போடும் வீடு என்றால் மாதம் ஒருமுறை. இது சலிப்பான வேலைதான், ஆனால் பத்து நிமிடம்.

தீராதது ஒன்று உண்டு. காற்று பலமாக அடிக்கும் ராத்திரிகளில் வெளிமூடியின் பட்டைகள் டக் டக்கென்று அடித்துக்கொள்கின்றன. ஓரத்தில் ஃபோம் டேப் ஒட்டிப் பார்த்தேன், ஒரே மழையில் உரிந்துவிட்டது. அம்மா இன்னமும் பாதித் தூக்கத்தில் எழுந்து, “வாசல்ல யாருன்னு பாருடா” என்கிறாள்.